மச்சான் கொண்டுவந்த ரை ஐபிஏ: இதன் சுவையே இப்படியா, வெயிலில் கெட்டுவிட்டதா?

கண்டாவளைக் கமக்காரன்:

வற்றாப்பளைப் பொங்கலுக்கு ரொறன்ரோவில் இருந்து வந்த மச்சான், சூட்கேசுக்குள் சாரத்தால் சுற்றி நாலு போத்தில் பியர் கொண்டுவந்தார். விஸ்கி வரும் என்று காத்திருந்த தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. "இது பெரிய கொம்பனிச் சாமான் இல்லை, சின்ன ஆலையில் கொஞ்சமாகக் காய்ச்சுவது. ரை என்ற தானியம் போட்ட ஐபிஏ, அதாவது இந்தியா பேல் ஏல்" என்று மச்சான் விளக்கம் சொன்னார். எங்களுக்கு அதில் பியர் என்பது மட்டும்தான் விளங்கியது.

கட்டுநாயக்காவில் இருந்து ஏ9 வழியே வானில் வந்த போத்தில்கள், பொங்கல் முடியும் வரை விறாந்தை மூலையில் பையோடு கிடந்தன. நேர்த்தி முடியாமல் குடிவகை எதையும் அம்மா வீட்டுக்குள் எடுக்க விடமாட்டார். விறாந்தைக்குத் தகரக் கூரை. வைகாசி மத்தியானத்தில் அதன் கீழே நாய்கூடப் படுக்காது.

பொங்கல் எல்லாம் முடிந்து ஒரு பின்னேரம் நான், தம்பி, மச்சான் மூன்று பேரும் மூன்று போத்திலை உடைத்தோம். அம்மா வைத்த நண்டுக்கறி இருந்தது. நந்திக்கடல் நண்டு, உறைப்பு என்றால் காது அடைக்கிற உறைப்பு. பியரை உறைபெட்டியில் வைத்துப் பல் கூசுமளவுக்குக் குளிரவைத்து, கிளாசில் ஐஸ் கட்டியும் போட்டோம். எப்போதும் அப்படித்தானே குடிக்கிறோம்.

நிறம் நல்ல செம்பு நிறம். நுரை கட்டியாக நின்றது, நாங்கள் வழக்கமாகக் குடிக்கிற லயன் லாகர் பியர் என்றால் அந்த நேரத்துக்குள் நுரை இருந்த இடமே தெரியாது. மணம் பெரிதாக எதுவும் வரவில்லை, கிட்ட வைத்து இழுத்தால் தோடம்பழத் தோல் மாதிரி ஏதோ ஒன்று. வாயில் வைத்ததும் முதலில் தடிப்புத் தெரிந்தது. பியருக்கு இப்படி ஒரு கொழுப்பு இருக்குமா என்று யோசித்தேன். அதற்குப் பிறகு வந்தது பாருங்கள் கசப்பு! வேப்பம்பூ வடகத்தைப் பொரிக்காமல் சப்பிய கசப்பு. போகவே இல்லை. நண்டுக்கறி ஒரு வாய், பியர் ஒரு வாய் என்று போகப் போக உறைப்பும் கசப்பும் சேர்ந்து நாக்கைப் பிடுங்கின. தம்பி பாதியில் கிளாசை வைத்துவிட்டு எழும்பிப் போனான். மச்சானோ கண்ணை மூடி ரசித்துக் குடித்தார், ஆனால் அவரும் "அங்கே குடிக்கும்போது மணம் இதைவிடக் கூட" என்றார்.

மச்சான் திரும்பிப் போய்விட்டார். ஒரு போத்தில் மிச்சம். அதைக் குடிப்பதா, கழனி வாளிக்குள் ஊற்றுவதா? இந்த ரை என்ற தானியம் என்னத்துக்கு? கசப்பு அதனால்தான் வருகிறதா? அப்புறம், கனடாவில் காய்ச்சிய பியருக்கு இந்தியாவின் பெயர் ஏன்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


தவறணைத் தம்பர்:

தம்பி, காசு கொடுத்துக் கசப்பு வாங்குகிற காலம் வந்துவிட்டது. முள்ளியவளைப் பக்கம் வா, விடியவே இறக்கின பனங்கள்ளு ஒரு போத்தில் வாங்கித் தருகிறேன். இனிப்பும் புளிப்பும் அளவாக இருக்கும், ஐஸும் தேவையில்லை, மச்சானும் தேவையில்லை. கள்ளு பின்னேரம் ஆகும்போது புளித்துக் கடுக்கும், அது தெரிந்த விஷயம். கசந்ததாக என் வயதுக்கு நான் அறியவில்லை. கசந்தால் முட்டிக்குள் ஏதோ விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

கழனி வாளிக்குள் மட்டும் ஊற்றிவிடாதே. மாடு பாவம்.


ஸ்காபரோப் பெடியன்:

அண்ணை, கழனி வாளி வேண்டாம். நான் பிறந்தது தருமபுரம், இப்போது இங்கே ஒரு சின்ன பியர் ஆலையில் வேலை. தொட்டி கழுவுவதில் தொடங்கி இப்போது காய்ச்சுகிற பக்கம் நிற்கிறேன். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் பியர் பழுதாகவில்லை, களைத்துப் போயிருக்கிறது. இரண்டும் வேறு.

முதலில் கசப்பு. அது ரையில் இருந்து வருவதில்லை. ஹொப் என்று ஒரு கொடி இருக்கிறது, அதன் பூவைத்தான் பியரில் போடுவார்கள். அந்தப் பூவுக்குள் மஞ்சள் பொடி மாதிரி ஒரு பிசின். தானியச் சாற்றோடு சேர்த்து ஒரு மணித்தியாலம் அளவில் கொதிக்கவிட்டால் அந்தப் பிசினில் உள்ள ஆல்ஃபா அமிலங்கள் உருமாறிக் கரைந்து கசப்பாகும். அதே பூவைக் கொதி முடிகிற நேரத்திலோ, புளித்து முடிந்த பிறகு குளிரிலோ போட்டால் கசப்பு அவ்வளவு ஏறாது, மணம்தான் ஏறும். தோடம்பழத் தோல், நாரத்தங்காய், குங்கிலியம் எல்லாம் அந்த இரண்டாவது தடவை போட்ட பூவின் வேலை. உங்கள் போத்தில் லேபிளில் ஐபியூ என்று ஒரு எண் இருக்கலாம், பாருங்கள். கசப்பின் அளவு அது. சாதாரண லாகர்களில் 10, 20க்குள் நிற்கும். ஐபிஏயில் 50, 60, 70 என்று போகும்.

மணம்தான் முதலில் ஓடுகிற சாமான். கசப்பு மெல்லத்தான் குறையும். சூட்டில் கிடந்த ஐபிஏயில் மணம் போய்க் கசப்பு மட்டும் தனியே நிற்கும், நீங்கள் குடித்தது அதைத்தான். இந்தத் தொழிலில் ஒரு கைக்கணக்கு இருக்கிறது: 32 பாகையில் 3 நாள் கிடந்தால், 22 பாகையில் 30 நாள் கிடந்ததற்கும் 3 பாகையில் 300 நாள் கிடந்ததற்கும் சமம். உங்கள் தகரக் கூரை விறாந்தையை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். அந்த மூலையில் கிடந்த நேரத்தில் பியருக்கு ஒரு வயது கூடியிருக்கும்.

பழுதா என்று பார்க்க மூக்குப் போதும். நனைந்த காட்போட் மட்டை மணம் வந்தால் ஒட்சிசன் பட்டுக் கிழண்டிவிட்டது. மரநாய் நாற்றம் வந்தால் வெளிச்சம் பட்டிருக்கிறது. ஹொப்பின் கசப்புப் பொருளில் வெயில் விழுந்தால் அந்த நாற்றம் பிறக்கும், மண்ணிறப் போத்தில் அதற்காகத்தான். விநாகிரி மாதிரிப் புளித்தால், திறந்ததும் பொங்கி ஓடினால், வேறு கிருமி இறங்கியிருக்கிறது. இதில் எதுவும் ஆளைக் கொல்லாது, வாய் விரும்பாது, அவ்வளவுதான்.

இனி ரை. பார்லியின் சொந்தக்காரத் தானியம், குளிரான இடத்தில் மெலிந்த மண்ணிலும் விளையும். போலந்து, ஜேர்மனி, ரஷ்யாப் பக்கம் கறுப்பு ரொட்டி சுடுவது இதில்தான். ஐபிஏயில் பெரும்பாலும் பத்தில் ஒன்று, மிஞ்சினால் ஐந்தில் ஒன்று ரை போடுவார்கள், மிச்சம் பார்லி. நீங்கள் சொன்ன அந்தத் தடிப்பும் கொழுப்பும் ரையின் கைவரிசை. பீட்டா குளுக்கன், அராபினோசைலன் என்று பசைபிடிக்கிற நார்ச்சத்துகள் அதில் கூட. ரை மிளகு மாதிரி காரமாக இருக்கும் என்று லேபிள்களில் எழுதுவார்கள். என்னைக் கேட்டால் அந்த மிளகில் பாதி ரை, பாதி லேபிளை வாசித்த மயக்கம். வாயில் அது இருக்கிற இருப்புத்தான் ரையின் உண்மையான கொடை.

காய்ச்சுகிறவனுக்கு அது ஒரு தலையிடி. பார்லிக்கு உமி உண்டு, ரைக்கு இல்லை. சுடுநீரில் ஊறவைத்துச் சாற்றை வடிக்கும்போது பார்லியின் உமிதான் சல்லடை. ரை கூடினால் தொட்டிக்குள் எல்லாம் கஞ்சியாகி இறுகிவிடும், சாறு ஒரு சொட்டு இறங்காது. அதற்கு நாங்கள் என்ன கலக்கிறோம் தெரியுமா? நெல்லு உமி! மூட்டை மூட்டையாகக் காசுக்கு வாங்குகிறோம். பரந்தனில் மில்லுக்குப் பின்னால் மலையாகக் குவிந்து கிடந்ததை நினைத்தால் எனக்கு வயிறு எரியும்.

மிச்சப் போத்திலை ஊற்றிவிடாமல் இப்போதே பிரிட்ஜின் கீழ்த்தட்டில் நிமிர்த்தி வையுங்கள். லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லுங்கள், மிச்சம் பிறகு கதைப்போம்.


ஏ9 பயணி:

8.8 வீத அற்ககோலோடு ஸ்டவுட் என்ற கறுப்பு பியர் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?


கண்டாவளைக் கமக்காரன்:

ஸ்காபரோத் தம்பி, நன்றி. போத்தில் மண்ணிறம், 355 மில்லி. அற்ககோல் 6.8 வீதம். ஐபியூ 68 என்று இருக்கிறது. கழுத்துப் பக்கம் மையால் ஒரு திகதி அடித்திருக்கிறது, மாசி மாதம் அடைத்தது. நீங்கள் சொன்ன மரநாயும் இல்லை, மட்டையும் இல்லை, புளிப்பும் இல்லை. அப்படியானால் களைப்புத்தான்.

உமிக் கதையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "உமியைக் காசுக்கு விற்கலாம் என்று தெரிந்திருந்தால் உன்னை ஏன் ரியூசனுக்கு விட்டேன்" என்கிறார். இங்கே அது செங்கல் சூளைக்கும் அடுப்புக்கும் போகிறது, மிச்சம் காற்றுக்கு.

தம்பர் அண்ணை, கள்ளை நான் குறைத்துச் சொல்லவில்லை. இரணைமடுத் தண்ணீர் வாய்க்காலுக்கு வருகிற காலத்தில் வரப்பில் இருந்து பிளாவில் குடித்த கள்ளுக்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் எனக்கு இன்னொரு யோசனை. கள்ளுக்குள் அந்த ஹொப் பூவைப் போட்டால் என்ன ஆகும்?


மாங்குளம் வாத்தி:

இந்தியா எங்கே இருந்து வந்தது என்று கேட்டிருந்தீர்கள். அது கப்பல் ஏறிப் போன கதை.

18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கொம்பனிக் கப்பல்கள் லண்டனுக்குக் கிழக்கே தேம்ஸ் கரையில் நின்று சாமான் ஏற்றும். அதற்குக் கிட்ட போ என்ற இடத்தில் ஹொட்சன் என்பவர் பியர் ஆலை வைத்திருந்தார். கப்பல் தலைவர்கள் சொந்த வியாபாரமாகக் கொண்டுபோகிற சாமானில் பியரும் ஒன்று. ஹொட்சன் கிட்ட இருந்தார், கடனுக்கும் கொடுத்தார், தவணையும் ஒரு வருசத்துக்கு மேலே. பிறகு கேட்பானேன்? வங்காளத்திலும் சென்னையிலும் இருந்த வெள்ளைக்காரர்களின் மேசைக்கு அவருடைய பியர்தான் போனது. ஆபிரிக்க முனையைச் சுற்றி மாதக்கணக்கில் பயணம். பூமத்திய ரேகையை இரண்டு தடவை கடக்க வேண்டும். பீப்பாய்க்குள் ஆடி ஆடி, சூடு பட்டு, அது இறங்கும்போது நன்றாக முதிர்ந்திருந்தது.

இந்தியப் பயணத்தைத் தாங்க வேண்டும் என்று ஹொட்சன் மூளையைக் கசக்கிக் கண்டுபிடித்த பியர் இது என்று எங்கும் எழுதியிருக்கும். நம்பாதீர்கள். ஹொப் கூடப் போட்ட வெளிறிய பியர் அதற்கு முதலே இங்கிலாந்தில் இருந்தது. போட்டர் என்ற கறுப்பு பியரும் அதே கப்பலில் இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்துதான் இருக்கிறது, பழுதாகவில்லை. கடன் கொடுத்தவன் சந்தையைப் பிடித்தான், இதுதான் உள்ள விஷயம். 1820களில் ஹொட்சன் ஆட்கள் கடனை இறுக்கிக் கப்பல் தலைவர்களை ஓரங்கட்டப் பார்த்தபோது, கொம்பனிக்காரர் இங்கிலாந்தின் பேர்ட்டன் ஊரில் பியர் காய்ச்சிய ஓல்சொப்பிடம் போனார்கள். பேர்ட்டன் கிணற்றுத் தண்ணீரில் ஜிப்சம் கூட, அந்தத் தண்ணீரில் ஹொப் கசப்பு இன்னும் துலக்கமாக வந்தது. இந்தியாப் பெயரோடு விளம்பரங்கள் பரவலாக வரத் தொடங்கியது 1830களை ஒட்டித்தான்.

ஆனால் நீங்கள் குடித்தது அந்த பியரும் அல்ல. 1972இல் அமெரிக்காவில் கஸ்கேட் என்ற ஹொப் இனத்தை வெளிவிட்டார்கள், தோடம்பழ மணம் அடிக்கிற இனம். பிறகு சின்னச் சின்ன ஆலைக்காரர் அதையும் அதன் வழியில் வந்த இனங்களையும் அள்ளிப் போட்டுப் பழைய பெயருக்குப் புது உடம்பு கொடுத்தார்கள். ரை அதற்கும் பிறகு வந்த சேர்க்கை.

இலங்கையிலும் பியர் குளிரான இடத்தில்தான் தொடங்கியது. லயன்காரரின் பரம்பரை 1881இல் நுவரெலியாவில். இப்போது ஆலை பியகமவில்.


வவுனியாச் சமையல்காரி:

அண்ணா, பியருக்கு எல்லோரும் பதில் சொல்லிவிட்டார்கள், நண்டுக்கறிக்கு ஒருவரும் சொல்லவில்லை!

நான் சுவிசில் பேர்ன் நகரத்தில் ஒரு உணவகத்துக் குசினியில் கனகாலம் வேலை செய்துவிட்டு ஊருக்கு வந்தவள். அங்கே வாலிஸ் என்ற மலைநாட்டுப் பகுதியின் ரை ரொட்டி பேர்போனது. கருஞ்சாம்பல் நிறத்தில் மேலே வெடித்து வெடித்து இருக்கும், உள்ளே பிசுபிசுப்பு, இலேசான புளிப்பு. அதை மெல்லியதாக வெட்டி வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் வைத்துச் சாப்பிடுவார்கள். முதல் தடவை சாப்பிட்டபோது குரக்கன் ரொட்டி நினைவு வந்தது, ஆனால் குரக்கன் உதிரும், இது பல்லில் ஒட்டும். உங்கள் பியரில் இருந்த அந்தத் தடிப்பைப் பற்றி வாசித்ததும் ரொட்டியை வைத்தே எனக்கு விளங்கிவிட்டது.

ஐபிஏயும் உறைப்பும் எதிரிகள் என்று என் அனுபவம் சொல்கிறது. உணவகத்தில் ஐபிஏக்கு நல்ல காரமான கறி வை என்று கேட்கிறவர்கள் உண்டு, பெயரில் இந்தியா இருக்கிறதே என்று. அவர்களுக்கு வைப்பது சுவிஸ்காரக் கறி, அதில் மிளகாய் பெயருக்கு இருக்கும். நம்முடைய வறுத்த தூள் போட்ட நண்டுக்கு அது சரிவராது. கசப்பு, வாயு, அற்ககோல் மூன்றும் செத்தல் மிளகாயின் எரிவைக் கிளப்பிவிடும். மிளகாயின் காரம் எண்ணெயில் கரையுமே தவிர பியரில் கழுவுப்படாது. குடிக்கக் குடிக்க எரியும், எரிய எரியக் குடிப்பீர்கள். உங்கள் தம்பி எழும்பிப் போனதில் பிழையில்லை.

கசப்புக்கு உப்பும் கொழுப்பும்தான் துணை. நெத்தலியை மஞ்சளும் உப்பும் மட்டும் போட்டு மொறுமொறு என்று பொரியுங்கள். மரவள்ளிக் கிழங்கை அவித்துப் பிறகு எண்ணெயில் போட்டு எடுங்கள். நண்டு வேண்டும் என்றால் கறி வேண்டாம், உப்புத் தண்ணீரில் அவித்து, வெண்ணெயும் உள்ளியும் மிளகுத்தூளும் போட்டுப் பிரட்டுங்கள். மிளகு ரையோடு ஒத்துப்போகும். தேசிக்காய் பிழியாதீர்கள், புளியும் கசப்பும் சண்டை பிடிக்கும். கச்சான் வறுத்தது இருந்தால் அதுவே போதும், அதற்கு மேல் சமையல் தேவையில்லை.

நான் இதை ருசித்துப் பார்த்தது அங்கேதான். இங்கே பெண்களுக்கு மது விற்கக்கூடாது என்று 1979இல் போட்ட சட்டம். 2018 ஜனவரியில் எடுத்தோம் என்றார்கள், சில நாளிலேயே ஜனாதிபதி திருப்பிப் போடச் சொன்னார். குசினிக்கு மட்டும் நாங்கள் வேண்டும்.


ஸ்காபரோப் பெடியன்:

அக்கா சொன்னது சரி. ஆலையில் எங்கள் சாப்பாட்டு நேரத்துக்கு நான் கொண்டுபோகிற இடிச்ச சம்பலோடு ஐபிஏ குடித்த ஒரு வெள்ளைக்காரன், அதற்குப் பிறகு என் சாப்பாட்டுப் பெட்டிப் பக்கம் வருவதே இல்லை.

கள்ளுக்குள் ஹொப் போடுவது பற்றி அண்ணை கேட்டது நல்ல கேள்வி. கள்ளைப் புளிக்க வைக்கிறதில் முன்னுக்கு நிற்கிற மதுவமும் (ஈஸ்ட்), ஐபிஏ போன்ற ஏல் வகை பியரைப் புளிக்க வைக்கிற மதுவமும் ஒரே இனம், சக்கரோமைசிஸ் செரவீசியே. ஆனால் கள்ளில் அது தனியாக இல்லை. காற்றில், பாளையில், முட்டியில் இருந்து வருகிற பக்டீரியாக்களும் கூடவே இறங்கும். விடிய இனிப்பாக இருந்தது பின்னேரம் கடுப்பது அவற்றால்தான். புளிக்காத கருப்பணி வேண்டும் என்றால் முட்டிக்குள் சுண்ணாம்பு தடவி எல்லாவற்றையும் வரவிடாமல் செய்கிறோம். பியரிலும் ஹொப் கிட்டத்தட்ட ஒரு காவல்காரன், புளிக்க வைக்கிற சில பக்டீரியா வகைகளை அடக்கும், மதுவத்தை விட்டுவிடும்.

கள்ளில் பச்சையாகப் போட்டால் மணம் ஏறும், கசப்பு பெரிதாக ஏறாது. கசப்பு வேண்டும் என்றால் கொதிக்க வைக்க வேண்டும், கள்ளைக் கொதிக்க வைத்தால் வெறி பறந்துவிடும். கருப்பணியை ஹொப்போடு கொதிக்க வைத்து, ஆறவிட்டு, மதுவம் போடலாமா என்றால் சுண்ணாம்பை முதலில் என்ன செய்வது என்று யோசிக்க வேண்டும். எனக்கே ஆசையாக இருக்கிறது. ஆனால் உரிமம் இல்லாமல் வீட்டில் செய்து பார்க்காதீர்கள், மதுவரிக்காரர் வந்து நின்றால் இந்தப் பதிலைக் காட்டித் தப்ப முடியாது.

இப்போது மிச்சப் போத்தில். உறைபெட்டி வேண்டாம், ஐஸ் கட்டி வேண்டவே வேண்டாம். கடும் குளிரில் நாக்கும் மூக்கும் மரத்துவிடும், மணம் எழும்பாது, கசப்பு மட்டும் தெரியும். 8 பாகைக்கும் 12 பாகைக்கும் நடுவில் குடிக்க வேண்டிய சாமான். அங்கே வெக்கைக்குப் பிரிட்ஜில் இருந்து எடுத்துப் பத்து நிமிசம் மேசையில் வைத்தால் சரி. வாய் குறுகிய கிளாஸ் இருந்தால் நல்லது. அடியில் கொஞ்சம் மண்டி நிற்கும், அதைப் போத்திலிலேயே விட்டுவிடுங்கள். கிளாசைப் பாதிக்கு மேல் நிரப்பாமல் முதலில் மணந்து பாருங்கள்.


தவறணைத் தம்பர்:

கள்ளுக்குள் பூப் போடுகிறார்களாம். சீவுகிறவன் காதில் விழுந்தால் தளநாரால் அடிப்பான். மற்றபடி அந்தச் சமையல்காரிப் பிள்ளை சொன்ன நெத்தலி எனக்கும் சம்மதம்.


கண்டாவளைக் கமக்காரன்:

நேற்றுப் பின்னேரம் கடைசிப் போத்திலை உடைத்தேன். சிறுபோக வயலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்து, குளித்து, வெறும் வாயோடு இருந்தேன், நாக்கில் வெற்றிலை கூட இல்லை. மனைவி நெத்தலி பொரித்தாள், மரவள்ளியும் இருந்தது. மிளகாய் ஒன்றும் கிட்ட வரவில்லை. வாய் குறுகிய கிளாஸ் எங்கள் வீட்டில் இல்லை, ஜாம் போத்தில் ஒன்றைக் கழுவி எடுத்தேன். ஐஸ் இல்லாமல் பியரா என்று தம்பி நின்று வேடிக்கை பார்த்தான்.

ஊற்றியதும் மணந்தேன். தோடம்பழத் தோல் இந்தத் தடவை தெளிவாக வந்தது. மெலிந்ததுதான், மச்சான் சொன்ன அளவு இருக்காது, ஆனாலும் வந்தது. அதற்குக் கீழே இன்னொரு மணம், பாணின் கருகின விளிம்பு. முதல் நாள் அதை நான் உணரவே இல்லை. வாயில் வைத்தால் முதலில் ஒரு இனிப்பு, பனங்கட்டி அளவுக்கு இல்லை, இருக்கிறதா இல்லையா என்று தேட வைக்கிற இனிப்பு. பிறகு அந்தத் தடிப்பு நாக்கின் மேல் பரவி நின்றது. அதற்குப் பிறகுதான் கசப்பு வந்தது. நெத்தலி ஒன்றைக் கடித்ததும் கசப்பு பின்வாங்கியது, உப்பு முன்னுக்கு வந்தது, திரும்பக் குடிக்க வாய் கேட்டது. இப்படி ஒன்று இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

மிளகு பற்றிச் சொல்ல வேண்டும். இறக்கிய பிறகு தொண்டையின் மேல்பக்கத்தில் ஒரு சுணை இருந்தது. லேபிளை வாசித்த மயக்கமோ என்று பார்க்க, ஒன்றும் சொல்லாமல் மனைவியிடம் ஒரு மிடறு கொடுத்தேன். "காய்ச்சலுக்குக் கொத்தமல்லி அவித்த மாதிரி இருக்கிறது" என்றாள். கொத்தமல்லிக்குள் நாங்கள் மிளகும் போடுவோம். ஸ்காபரோத் தம்பி இதை எந்தப் பாதியில் சேர்ப்பார் என்று பார்ப்போம்.

கிளாஸ் சூடேற ஏற மாறிக்கொண்டே வந்தது. நடுவில் இருந்த ஒரு கட்டம்தான் நல்லது. கடைசி இரண்டு வாய்க்கு வரும்போது நனைந்த மட்டை மணம் இலேசாகக் கிளம்பியது. குளிர் அதுவரை அதை மறைத்து வைத்திருந்ததோ தெரியாது.

என் தீர்ப்பு: வெயிலில் நின்றுவிட்டு வந்து தாகத்துக்குக் குடிக்கிற சாமான் இது அல்ல. மூன்று நாலு என்று குடிக்கிற சாமானும் அல்ல, ஒன்று போதும், அதையும் கதைத்துக் கதைத்துக் குடிக்க வேண்டும். தாகத்துக்கு லாகர், கூட்டத்துக்குக் கள்ளு. இது நெத்தலிக்கு. தம்பிக்கு இன்னும் பிடிக்கவில்லை. அவனுக்கு வெறி ஏறும் விகிதம்தான் கணக்கு, ஏ9 பயணியும் அவனும் சேர்ந்து போகலாம்.

அடுத்த வருசப் பொங்கலுக்கும் மச்சான் வருவார். என்ன கொண்டுவரச் சொல்லலாம்? இதையேயா?


ஸ்காபரோப் பெடியன்:

அண்ணியின் கொத்தமல்லியை ரையின் பாதியில் சேர்க்கிறேன், லேபிளை வாசிக்காத சாட்சி.

மட்டை மணம் கிளம்பத் தொடங்கிவிட்டது என்றால் சரியான நேரத்தில்தான் குடித்திருக்கிறீர்கள். இன்னும் ஒரு மாதம் வைத்திருந்தால் அது மட்டும்தான் இருந்திருக்கும்.

அடுத்த தடவை ஐபிஏதான் வேண்டும் என்றால் போத்தில் வேண்டாம், கானில் வாங்கச் சொல்லுங்கள். வெளிச்சம் அறவே படாது, உடையாது, பாரமும் குறைவு. கானின் அடியில் அடைத்த திகதி இருக்கும், பயணத்துக்கு முதல் வாரம் வாங்கியது என்று சொன்னால் நம்பாமல் அந்தத் திகதியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கடையில் மாதக்கணக்கில் நின்றதை மலிவு விலைக்கு எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு, உங்கள் மச்சானைச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் நேரே பிரிட்ஜுக்குள் போக வேண்டும். அம்மா விடமாட்டார் என்றால் பக்கத்து வீட்டுப் பிரிட்ஜில் இடம் பிடித்து வையுங்கள்.

அதுவும் சரிவராது என்றால் ரை போட்ட போட்டரோ ஸ்டவுட்டோ கேளுங்கள். அதில் ஹொப் மணம் முக்கியம் இல்லை, முளைகட்டிக் கருக வறுத்த தானியம்தான் (மோல்ட்) சுவை, விறாந்தை வெக்கையை ஐபிஏயைவிடக் கொஞ்சம் தாங்கும். ரையின் தடிப்பும் அதில் இன்னும் நன்றாகத் தெரியும். அதைப் பொரித்த நெத்தலியோடு குடிக்காமல், அக்கா சொன்ன வெண்ணெய் நண்டோடு குடித்துப் பாருங்கள்.